சொர்ணம் உட்கார்ந்த புதன்கிழமை

புதன்கிழமை சொர்ணத்துக்கு வார லீவு. லீவு என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். இந்த ஒன்பது வருஷத்தில் அவள் முழுசாக வீட்டில் இருந்த புதன்கிழமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி காய்ச்சலில் சுருண்டு படுத்தது.

சரி, மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்றைக்காவது விட்டார்களா? எங்கே! காலை ஏழரைக்கே ஃபோன் அடித்தது. முதலாளி அமல்ராஜ்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. விஜி வரலையாம். அவ புள்ளைக்கு அம்மை போட்டிருக்காம். நேத்து விழுந்த பாத்திரம் அப்படியே மலையா கெடக்குது. ஒரே ஒரு மணி நேரம் வந்து பாத்துட்டுப் போங்கக்கா."

"சார், இன்னிக்கு என் பொண்ண பாக்க வராங்க. நம்ம கடைக்குத்தான் வராங்க, சொன்னேனே."

"தெரியுங்க்கா. ஒரு மணிக்குத்தானே வராங்க? மூலை டேபிள் உங்களுக்குன்னு எடுத்து வெச்சிட்டேன். பத்து மணிக்கெல்லாம் விட்டுடுறேன், சத்தியமா."

சத்தியம் வேறு! சொர்ணம் ஒரு பெருமூச்சு விட்டாள். முடியாது என்று சொல்ல வாய் இருந்திருந்தால் அவள் பிழைப்பே வேறு மாதிரி போயிருக்கும். அரக்குக் கலர் பட்டுப்புடவையை மடித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரிசையாக அடுக்குமாடிகள். அவற்றில் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த இத்தாலியன் ஓட்டல். போர்டில் எழுதியிருக்கிற பேர் யார் வாயிலும் நுழையாது. ஊருக்கெல்லாம் அது அமல்ராஜ் கடை. அமல்ராஜ் பன்னிரண்டு வருஷம் கப்பல் சமையல்கட்டில் வெந்து திரும்பியவன். திரும்பி வந்து, நம் ஊர் ஃப்ளாட்டுக்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று சரியாகவே கணக்குப் போட்டான். குழந்தைக்கு உயர நாற்காலி, கிறுக்குவதற்குக் காகிதமும் கலர் பென்சிலும், பிறந்தநாளுக்கு பலூன், பெரியவர்களுக்குப் பச்சை மிளகாய் கிள்ளிப்போட்ட பீட்சா. ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னாலும் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள்.

அந்த இடம் ஒரு காலத்தில் வயல். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலம். சொர்ணம் பத்து வயதில் அம்மா குப்பம்மாவோடு அங்கே களை பறித்திருக்கிறாள். இதைக் கேட்டதும் அமல்ராஜ் உருகிப்போய், "அய்யோ, அப்படியாக்கா!" என்றான். உருக என்ன இருக்கிறது? அன்றைக்கு இடுப்பு வலித்தது, இன்றைக்கு முட்டி வலிக்கிறது. சேறாவது காலுக்கு மெத்தென்று இருந்தது, டைல்ஸ் ஆளைத் தின்கிறது. சொர்ணத்துக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

வயல் போன பிறகு பூந்தமல்லியில் ஒரு துணிக் கம்பெனி. தைத்த சட்டையில் துருத்திக்கொண்டு நிற்கிற நூலை வெட்டுகிற வேலை, நாளெல்லாம் நின்றபடி. கம்பெனியை மூடினார்கள். அப்புறம் மூன்று ஃப்ளாட்டில் வீட்டுவேலை, அதுவும் நின்றுதான். அப்புறம் இங்கே. ஐம்பத்தோரு வயதில் திரும்பிப் பார்த்தால் தூங்கின நேரம் போக மிச்சமெல்லாம் நின்றே கழிந்திருக்கிறது.

பாத்திரம் கழுவுகிற இடத்துக்கும் ஆட்கள் சாப்பிடுகிற கூடத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகத் தட்டு மட்டும்தான் வரும். முகம் வராது. ஆனால் ஒன்பது வருஷம் ஒரே வேலையைச் செய்தால் தட்டே முகமாகிவிடுகிறது. பீட்சாவின் ஓரம் மட்டும் பல் பதிந்து மிச்சமிருந்தால் குழந்தை. பூண்டு ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டிருந்தால் பேரனுக்காக வந்த தாத்தா. இரண்டு தட்டும் பாதி பாதியாக ஆறிப்போய் வந்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் கிளறிவிட்டு, இலைதழைக்கு அடியில் ஒதுக்கி, மேலே டிஷ்யூ பேப்பரைப் போட்டு மூடி வருகிற தட்டு ஒன்று உண்டு. அதுதான் மோசம். சாப்பிட மனசில்லாதவர், அது கூட இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்திருக்கிறார். விஜியிடம் இப்படி ஒவ்வொன்றாகச் சொல்வாள் சொர்ணம். விஜி எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, நீ ஜோசியம் பாக்கப் போயிரு" என்பாள்.

இன்றைக்கு விஜியும் இல்லை. பத்து மணி என்றவன் பதினொன்றரை ஆக்கினான். காய்ந்த சீஸ் தட்டில் சிமெண்டாகப் பிடித்திருந்தது. கழுவி முடித்ததும், "அக்கா, நம்ம ஆளுங்களுக்குச் சோறு?" என்று ஒரு குரல். வேலை செய்கிறவர்கள் அந்தக் கடைச் சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு பானைச் சோறும் குழம்பும் தினமும் சொர்ணம்தான் ஆக்குவாள். அதையும் ஆக்கினாள். கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுக் காரக்குழம்பு. மைதா மூட்டை அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பட்டுப்புடவை கட்டும்போது மணி பன்னிரண்டே முக்கால். கையை மூக்கருகே கொண்டுபோனால் சோப்பு நாற்றம் போகவே இல்லை.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்கு ஆக வேண்டும். பானுப்பிரியாவுக்கு இந்தச் சம்பந்தம் முடிய வேண்டும். பானு அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிற வெற்றிச்செல்வனும் அவளும் இரண்டு வருஷமாக மனசு ஒத்துப் பழகியிருக்கிறார்கள். "அவுரு இல்லன்னா யாரும் வேணாம்மா" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள் பானு. அந்தப் பையனோ, அம்மா சம்மதிக்காமல் தாலி கட்ட மாட்டேன் என்கிறான். ஆக, எல்லாம் அந்த அம்மாள் கையில்.

வெற்றியைப் பார்ப்பதற்கு முன்னால் பானுவுக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருக்கிறது. முதலில் வந்தவர்கள், எந்தத் தெரு என்று வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்கள். சொன்னதும் அந்தப் பெண்மணி கையில் வாங்கின தண்ணீர் டம்ளரை அப்படியே நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில், பேச்சு முடிவாகிற வரைக்கும் கை நனைக்கக் கூடாது என்று வழக்கம் உண்டுதான். உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். ஆனால் தண்ணீருக்கும் காபிக்கும் எந்த ஊரில் தடை? வழக்கம் எது, அவமானம் எது என்று சொர்ணத்துக்குத் தெரியாதா? போகும்போது, "ஃபோன் பண்றோம்" என்றார்கள். மூன்று வாரம் ஃபோனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கழுவுகிற தொட்டி பக்கத்திலேயே வைத்திருந்தாள். அடிக்கவில்லை. இரண்டாவது இடமும் அதே கதை, அதே "ஃபோன் பண்றோம்".

அதனால்தான் இந்த முறை யார் வீடும் வேண்டாம், பொதுவாக ஓர் இடத்தில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று வெற்றி சொன்னபோது சொர்ணத்துக்கு மூச்சு வந்தது. ஆனால் எந்த இடம் என்று கேட்டதும் வந்த மூச்சு போய்விட்டது.

"அவங்கம்மாவே சொன்னாங்களாம்மா, உன் கடைலயே வெச்சிக்கலாம்னு" என்றாள் பானு.

"ஏன், நான் எச்சத்தட்டு கழுவறத கண்ணால பாக்கணுமாமா?"

"ஏம்மா எல்லாத்தையும் இப்படியே பாக்கற?"



ஒரு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல வந்துவிட்டார்கள். வெற்றியின் அப்பா உத்தமன், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சிரித்த முகம். அம்மா ஜெகதாம்பாள், ஒடிசலாக, காட்டன் புடவையில், எதையும் நிதானமாகப் பார்க்கிற கண். திண்டிவனம் பக்கத்துக்காரர்கள், இங்கே ஃப்ளாட் வாங்கி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. சொர்ணத்தின் வீட்டுக்காரன் துலுக்கானம், பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தான். வண்டியில் எத்தனையோ பேரைத் திணித்து உட்காரவைத்தவன், இங்கே நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தான்.

சொர்ணமும் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்து நாற்காலியில் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை. யாரும் உட்காராதே என்று சொன்னதில்லை, உட்கார நேரம் வந்ததில்லை. நாற்காலி ரொம்ப மெத்தென்று இருந்தது. உடம்பு அப்படியே உள்ளே போய்விடும் போலிருந்தது. தூங்கிவிடக் கூடாதே என்று பயம் வேறு.

அமல்ராஜ் தானே பரிமாற வந்தான். "இது நம்ம அக்கா வீட்டு விசேஷம், சூப்பு என் கணக்கு" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே மூச்சில் குனிந்து, "அக்கா, அந்தப் பெரிய ட்ரேய எங்க வெச்சீங்க?" என்று கேட்டான். பாவி மனுஷன். அலமாரிக்கு மேலே என்று சொல்லும்போது சொர்ணத்துக்கு முகம் பற்றிக்கொண்டு வந்தது.

பானுவும் வெற்றியும் ஏதேதோ பேர் சொல்லிக் கொண்டுவரச் சொன்னார்கள். பெரிய பீட்சா ஒன்று நடுவில் வந்தது. ஆளுக்கு ஒரு தட்டில், வெள்ளை வெளேரென்று சீஸ் குழம்பு ஊற்றிய நீள நீள பாஸ்தா. பக்கத்தில் கொஞ்சம் பச்சைத் தழை.

துலுக்கானத்துக்கு ஒரு கவலையும் இல்லை. பீட்சாத் துண்டை எடுத்தான், சீஸ் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது, அண்ணாந்து பிடித்தான். "அய்ய, இன்னா இது, கவுறு மாறி வந்துகினே கீது!" என்றான். உத்தமன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணாத்தே, நீங்களும் இப்படித் தூக்கிப் புடிங்க, அப்பதான் அறும்" என்று துலுக்கானம் சொல்லிக்கொடுக்க, அவனும் தூக்கிப் பிடித்தான். பானு மேசைக்கு அடியில் அப்பாவின் காலை மிதித்தாள். வெற்றி அவளைப் பார்த்துப் பரவாயில்லை என்று கண்ணால் சொன்னான். அந்தப் பையன் நல்ல பையன்தான். சொர்ணத்துக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவள் கண்ணெல்லாம் ஜெகதாம்பாளின் தட்டில் இருந்தது. வேறு எங்கே போகும்?

முதலில் அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். எதிரே கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்ததைத் தொடவில்லை. அப்புறம் முள்கரண்டியை எடுத்தாள், பாஸ்தாவைக் கிளறினாள், ஓர் இழை எடுத்தாள், அது நழுவி விழுந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் கிளறினாள். பேச்சு நடந்துகொண்டே இருந்தது. பானுவிடம் ஆபீஸ் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள், சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை, நல்லவிதமாகத்தான் பேசினாள். ஆனால் கை மட்டும் பாஸ்தாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைத் தழைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசியில் டிஷ்யூ பேப்பர் ஒன்றை எடுத்து வாயைத் துடைத்தாள். துடைக்க வாயில் ஒன்றும் இல்லை. அந்தப் பேப்பரை விரித்து, தட்டின்மேல் போட்டு மூடினாள்.

போச்சு. அவ்வளவுதான்.

பானு சிரித்துக்கொண்டிருக்கிறாள். துலுக்கானமும் உத்தமனும் ஏதோ சாலை வேலை முடியவே முடியாது என்று ஒத்துப்போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு பேருக்கும் எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது. சொர்ணம் ஒருத்திக்குத்தான் தெரியும். மகளின் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. காலையிலிருந்து நின்ற கால் கீழே விண்விண் என்று தெறித்தது.

உத்தமன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ரொம்ப சந்தோஷங்க. ஊர்ல எங்க அண்ணன் இருக்காரு, ஒரு வார்த்தை கலந்துக்கிட்டு வெள்ளிக்கிழமை ஃபோன் பண்றோம்."

சொர்ணத்துக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது.

"வேணாங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஃபோன்லாம் வேணாங்க. புடிக்கலன்னா இங்கியே சொல்லிட்டுப் போயிருங்க. இன்னும் மூணு வாரம் ஃபோனப் பாத்துகினு நிக்க எனக்குக் கால்ல தெம்பு இல்ல."

"அம்மா!" என்றாள் பானு.

"ஏய், இன்னா பேசற நீ?" என்று துலுக்கானம் அவள் கையைப் பிடித்தான்.

"சொம்மா இருய்யா நீ. உனுக்குத் தெரியாது." கையை உதறிவிட்டு எட்டி, ஜெகதாம்பாளின் தட்டுமேல் இருந்த பேப்பரைத் தூக்கினாள். போட்ட சோறு போட்டபடி என்பார்களே, அப்படி முழுசாகக் கிடந்தது பாஸ்தா, தழைக்கு அடியில், ஆறி உறைந்து. "பாருங்க. ஒரு வாய் உள்ள போகல. தண்ணிகூட ஊட்லருந்து கொண்டாந்துட்டாங்க. ஒம்போது வருசமா தட்டு கழுவறேங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, தட்டு தெரியும்."

பக்கத்து மேசையில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த பெண்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டாள். பானுவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வெற்றி அம்மாவைப் பார்த்தான். சொர்ணத்துக்கு அப்போதுதான், தான் செய்த காரியம் உறைத்தது. அடக் கஷ்டமே, பெற்ற பெண்ணின் வாழ்க்கையை நானே என் கையால் இழுத்து மூடிவிட்டேனே!

ஜெகதாம்பாளின் முகம் சிவந்து போயிருந்தது. பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். பாட்டில் வாயிலிருந்து ஆவி வந்தது.

"வெந்நீருங்க. எனக்கு இழுப்பு உண்டு. எங்க போனாலும் இதுதான். எங்க அம்மா வீட்டுக்குப் போனாலும் இதுதான்" என்றாள். "நீங்க நேரா கேட்டுட்டீங்க, நானும் நேராவே சொல்லிடுறேன். இந்தச் சம்பந்தத்துல எனக்கு மனசு முழுசா வரலைதான். ஊர்ல எங்க ஆளுங்க என்ன பேசுவாங்களோன்னு பயம் இருக்கு. மறைக்க மாட்டேன். ரெண்டு மாசமா இவன்கூட அதே சண்டைதான்."

"அம்மா..." என்றான் வெற்றி.

"இருடா. ஆனா சாப்பிடாம விட்டது அதுக்கில்லீங்க. இந்த வெண்ணெய் வாடை எனக்குக் குடலைப் புரட்டுது. இந்தக் கரண்டியைப் புடிச்சுச் சுத்தவும் தெரியல. கையால அள்ளலாம்னா, நீங்க இந்தக் கடையில இருக்கிறவங்க, இதெல்லாம் அத்துப்படி, என்னடா இந்தப் பொம்பள இப்படித் திங்குதேன்னு உள்ளுக்குள்ள சிரிப்பீங்களோன்னு கூச்சம். அதான் மூடி வெச்சேன்."

சொர்ணத்தின் கையில் அந்தப் பேப்பர் இன்னும் அப்படியே இருந்தது.

"உங்களுக்குப் பழகின இடமா இருக்கட்டும், கூச்சப்படாம இருப்பீங்கன்னுதான் இங்க வரலாம்னு சொன்னதே. வேற எதுக்கு?"

"அய்யோ, எனக்கு இங்க எதுங்க பழக்கம்?" என்றாள் சொர்ணம். "உள்ளதான் பழக்கம். இந்தச் சேர்ல இன்னிக்குத்தான் குந்தறேன். இந்தச் சாப்பாட்ட ஒருவாட்டி வாயில வெச்சேன், துப்பிட்டேன்."

"தெரியுதே" என்றாள் ஜெகதாம்பாள். "உங்க தட்டைப் பாருங்க."

சொர்ணம் குனிந்து பார்த்தாள். அவள் தட்டும் அப்படியேதான் இருந்தது. பாஸ்தா ஓர் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. மேலே டிஷ்யூ பேப்பர். எப்போது மூடினோம் என்றே அவளுக்கு நினைவில்லை. ஊரில் உள்ள தட்டையெல்லாம் பார்க்கிறவள் தன் தட்டைப் பார்க்கவில்லை.

முதலில் சிரித்தது துலுக்கானம்தான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. அப்புறம் வெற்றி. பானு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஜெகதாம்பாள் சிரிக்கவில்லை.

"சரி, நீங்க இங்க மத்தியானத்துக்கு என்னதான் சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"எங்களுக்குன்னு உள்ள தனியா ஆக்கிக்குவோங்க. காலைல நான்தான் ஆக்கி வெச்சேன். சோறும் காரக்கொழம்பும்."

சாப்பிடுகிறீர்களா என்று சொர்ணம் கேட்கவில்லை. கேட்க மாட்டாள். நாற்காலிக்கு அடியில் வைத்த அந்த டம்ளர் இன்னும் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

ஜெகதாம்பாள் கைப்பையை மகனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "எங்க இருக்கு? வாங்க."

உத்தமன் பதறிப்போனான். "ஜெகதா, இன்னும் அண்ணன்கிட்ட பேசலையே. இப்ப நீ உள்ள போய் இவங்க கையால சாப்பிட்டா..."

"பசிக்குதுங்க" என்றாள் ஜெகதாம்பாள்.

உள்ளே அடுப்புச் சூட்டில் வேலையாட்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். சொர்ணம் பால் பாக்கெட் வருகிற பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, மேலே பேப்பரை விரித்துப் போட்டாள். தன் சாப்பாட்டுத் தட்டைத் தேடி எடுத்து, ஏற்கெனவே கழுவியதை இன்னொரு தரம் கழுவினாள். சோறு வைத்தாள். கத்திரிக்காய் உடையாமல் பார்த்துக் குழம்பை ஊற்றினாள். ஜெகதாம்பாள் வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டு பிசைந்தாள். முதல் கவளம் வாய்க்குப் போகும்வரை சொர்ணம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள் ஜெகதாம்பாள், மென்றுகொண்டே.

"காலைல அவசரத்துல போட்டதுங்க."

"பரவால்ல. மொச்சை நல்லா வெந்திருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

ஊற்றினாள். இரண்டாம் தரம் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் அந்த அம்மாள். சொர்ணம் சுவரில் சாய்ந்து நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு குறையக் குறைய உடம்பிலிருந்து ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சந்தோஷப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அழுகை வந்தது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பட்டுப்புடவை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

தட்டை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஜெகதாம்பாள் எழுந்து நேராகத் தொட்டிக்குப் போனாள்.

"அய்யய்யோ, வெச்சிருங்க, வெச்சிருங்க! நான் பாத்துக்கறேன்." சொர்ணம் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"விடுங்க. எங்க வீட்டுல அவங்கவங்க சாப்பிட்ட தட்ட அவங்கவங்கதான் கழுவணும். உங்க பொண்ணும் வந்து அப்படித்தான் கழுவணும், இப்பவே சொல்லிட்டேன். நீங்க உட்காருங்க. கால் எப்படி வீங்கியிருக்கு பாருங்க."

"எனக்கு இது பழக்கந்தாங்க."

"உட்காருங்கன்னு சொல்றேன்ல?"

சொர்ணம் உட்கார்ந்தாள். கவிழ்த்துப் போட்ட கூடைமேல், பேப்பர் விரித்த இடத்தில், இன்னும் சூடு இருந்தது. ஒன்பது வருஷமாக அந்தத் தொட்டியை நின்றபடிதான் பார்த்திருக்கிறாள். உட்கார்ந்து பார்த்தால் எவ்வளவு உயரமாக இருக்கிறது! குழாயைத் திறந்து வேறொருத்தி நிற்கிறாள். முதுகு தெரிகிறது. வளையல் சத்தம் கேட்கிறது.

தட்டு வருகிற ஜன்னலில் உத்தமனின் முகம் வந்து நின்றது. அந்த ஜன்னலில் அவள் பார்த்த முதல் முகம் அதுதான். "ஜெகதா, அண்ணன் லைன்ல இருக்காரு. என்னன்னு கேக்குறாரு. என்ன சொல்றது?"

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க" என்றாள் ஜெகதாம்பாள், திரும்பாமலே.

முகம் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் போய்விட்டது. வெளியே பானுவின் குரல் எதையோ கேட்டது, துலுக்கானத்தின் குரல் பெரிதாக எதையோ சொன்னது, நாற்காலிகள் நகர்ந்தன.

ஜெகதாம்பாள் தட்டை உதறிக் கவிழ்த்து வைத்தாள். விளிம்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. சொர்ணம் பார்த்தாள். சம்பந்தியம்மா கிளம்பிப் போனதும் இன்னொரு தரம் கழுவிக்கொள்ளலாம். இப்போதைக்கு எழுந்திருக்க முடியாது. கால் வலிக்கிறது.